கரப்பான் ஒட்டுப்பெட்டி: வாசலில் தொடங்கும் தவறுகள்

அட்டைப் பெட்டி ஒன்றை மடித்து, உள்ளே பசை தடவி, சிங்குக்கு அடியில் வைத்தால் கரப்பான்பூச்சி மாட்டிக்கொள்ளும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நான்கு நாள் கழித்துப் பார்த்தால் ஒரு கொசுவும் இரண்டு எறும்பும்தான் ஒட்டியிருக்கும். உடனே பசை சரியில்லை என்று முடிவுகட்டி இன்னும் கெட்டியான பசையைத் தேடிப் போகிறோம். பெரும்பாலும் கோளாறு பசையில் இருப்பதில்லை, கரப்பான் உள்ளே நுழையும் வாசலில் இருக்கிறது.

கரப்பான் கண்ணை நம்பி நடக்கும் பூச்சி அல்ல. இருட்டில் அதற்கு வழி சொல்பவை இரண்டு மீசைகள்தான். காலெடுத்து வைக்கும் முன்பே மீசை முன்னால் போய்த் தரையைத் தடவிப் பார்த்துவிடும். பசை வாசல் விளிம்பிலேயே தொடங்கினால் மீசை நுனி முதலில் ஒட்டும். பூச்சி பின்வாங்கி இழுத்து விடுவித்துக்கொண்டு போய்விடும். முன்னங்கால் இரண்டும் பசையில் பட்டுவிட்டாலும் பின்னால் நான்கு கால்கள் வெளியே உறுதியான தரையில் ஊன்றியிருக்கின்றன. நம் வீடுகளில் சாக்கடைக் குழாய் வழியாக வரும் பெரிய அமெரிக்கக் கரப்பான் 35 முதல் 40 மி.மீ. நீளம். அந்த நான்கு கால்களின் பலம் அதை மீட்டுக்கொள்ளப் போதும். எனவே ஒட்டுப்பெட்டி அமைப்பதில் முதல் வேலை, ஆறு கால்களும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பசைக்குள் இறங்கும்படி வழி செய்வது.

அதற்கு வாசலில் ஒரு சின்ன மேடு வேண்டும். வெளிப்பக்கம் சாய்வாக ஏறி, உள்பக்கம் சட்டென்று இறங்கும் மேடு. பெரிய கரப்பானுக்கு 6 மி.மீ. உயரம் போதும். வெளிச்சாய்வு 22 மி.மீ. தூரத்தில் மெதுவாக ஏறட்டும், உட்சாய்வு 8 மி.மீ.க்குள் இறங்கிவிடட்டும். உச்சியில் நிற்கும்போது மீசை பசைக்கு மேலே காற்றில் துழாவும், தரையைத் தொடாது. வெளிச்சாய்வு சொரசொரப்பான பழுப்புக் காகிதமாகவும், உட்சாய்வு வழவழப்பான லேமினேஷன் பரப்பாகவும் இருக்கவேண்டும். நகம் பிடிக்க இடமில்லாமல் உடல் முன்னோக்கிச் சரியும். இந்த இரண்டு பரப்பையும் மாற்றிச் செய்துவிடுவதும், முழுப் பெட்டியையும் ஒரே வழவழப்பான அட்டையில் மடிப்பதும் அடிக்கடி நடக்கும் பிழைகள். ஏறும் இடம் வழுக்கினால் அது ஏறவே ஏறாது.

சொரசொரப்புக்கு இன்னொரு பயனும் உண்டு. சமையலறைக் கரப்பானின் பாதத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் ஈரமும் இருக்கும், அதோடு பசையில் இறங்கினால் பிடிப்பு குறையும். ஜப்பானில் 1973-ல் எர்த் நிறுவனம் கொண்டுவந்த ‘கோகிபுரி ஹோய்ஹோய்’ என்னும் அட்டை வீட்டில், பூச்சியின் காலைத் துடைப்பதற்கென்றே வாசலில் ஒரு மிதியடி வைக்கிறார்கள். பழுப்புக் காகிதச் சரிவு அந்த வேலையை ஓரளவு செய்யும்.

அடுத்தது வாசலின் உயரம். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கௌசிக் ஜெயராம், ராபர்ட் ஃபுல் இருவரும் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கக் கரப்பான் உடலை நசுக்கிக்கொண்டு 3 மி.மீ. இடுக்கில்கூட நுழைந்து வெளியேறுவதைக் காட்டினார்கள். இதைக் கேள்விப்பட்டுச் சிலர் வாசலை 4 மி.மீ. ஆக்கிவிடுகிறார்கள். நுழைய முடியும் என்பது வேறு, விரும்பி நுழையும் என்பது வேறு. துரத்தினால் அது 3 மி.மீ.க்குள் போகும். நிதானமாக இரை தேடி வரும் பூச்சி, நிமிர்ந்து நடக்க இடமிருக்கும் வழியைத்தான் எடுக்கும். மேட்டு உச்சிக்கு மேல் 14 மி.மீ. திறப்பு விடுங்கள். சிறிய ஜெர்மன் கரப்பான் (பழுப்பு நிறம், கழுத்துப் பட்டையில் இரண்டு கருங்கோடு, 13–16 மி.மீ. நீளம்) என்றால் திறப்பு 7 மி.மீ., மேடு 3 மி.மீ. இரண்டுக்கும் பொதுவாக ஒரே பெட்டி செய்ய முயலவேண்டாம். சின்னதுக்குப் பெரிய மேடு மலை மாதிரி. பெரியதுக்குச் சின்ன மேடு ஒரு தடையே இல்லை.

பெரிய கரப்பானுக்கான பெட்டியின் அளவு இப்படி இருக்கட்டும்: அடித்தளம் 200 × 90 மி.மீ., பக்கச்சுவர் உயரம் 20 மி.மீ., நீளவாக்கில் இரு முனையிலும் வாசல். முனைக்கு 30 மி.மீ. சரிவுக்குப் போனால் நடுவில் 140 மி.மீ. பசைக்களம் மிஞ்சும், அதாவது பூச்சியின் நீளத்தைப்போல் மூன்றரை மடங்கு. 80 மி.மீ. நீளத்துக்குக் குறைந்தால் பெரிய கரப்பான் எட்டி எதிர்வாசலின் விளிம்பைப் பிடித்துவிடும். சரிவுக்கு 33 மி.மீ. அகலப் பட்டை வெட்டி, 23-ல் மடித்தால் மேலே சொன்ன மேடு கிடைக்கும். இரு ஓரமும் ஒட்டுவதற்கு 5 மி.மீ. கூடுதலாக விடவேண்டும். மேட்டுக்கு அடியில் ஒரு முக்கோணப் பொந்து உருவாகும். அதன் பக்கங்களைச் சுவரோடு சேர்த்து அடைத்துவிடுங்கள். விட்டால் அதிலேயே குடியேறிவிடும்.

குடியேறுவது என்றதும் அட்டையைப் பற்றிச் சொல்லவேண்டும். பார்சல் வந்த நெளி அட்டையை வெட்டிப் பெட்டி செய்வது மிகப் பெரிய தவறு. நெளிவுகளுக்குள் இருக்கும் மூன்று நான்கு மி.மீ. குழல்கள் கரப்பான் குஞ்சுகளுக்கு அளவெடுத்துக் கட்டிய வீடு. முதுகும் வயிறும் இருபக்கமும் உரசும் இடுக்கில்தான் அவை நிம்மதியாக இருக்கும். பொறி வைத்ததாக நினைத்து நாமே காலனி கட்டிக் கொடுத்திருப்போம். ஸ்வீட் பாக்ஸ் செய்யும் 300–350 ஜி.எஸ்.எம். டூப்ளெக்ஸ் அட்டை போதும். ஓரங்களை மைதாப் பசையால் ஒட்டவேண்டாம், மாவுப் பசை அதற்குத் தீனி. ஸ்டேப்ளர் பின் அல்லது சொருகு மடிப்பு நல்லது. மூடிக்குக் கண்ணாடி பிளாஸ்டிக் போட்டால் உள்ளே வெளிச்சம் விழும், பூச்சி வராது. உள்ளே பார்த்தே ஆகவேண்டுமென்றால் ஒரு சின்னச் சன்னல் வெட்டிச் சிவப்புக் கண்ணாடித் தாள் ஒட்டுங்கள், கரப்பானின் கண்ணுக்குச் சிவப்பு ஒளி அநேகமாகத் தெரியாது.

இனிப் பசை. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையும், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனும் காய்ந்து இறுகுவதற்கென்றே செய்யப்பட்டவை. ஒரு மணி நேரத்தில் வெறும் தோலாகிவிடும். நமக்கு வேண்டியது காயாத பசை. விளக்கெண்ணெய் தடவினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. தோட்டத்தில் மஞ்சள் ஒட்டும் பொறியில் விளக்கெண்ணெய் தடவி வெள்ளை ஈ பிடிப்பதைப் பார்த்த பழக்கம் அது. ஒரு மி.மீ. அளவுள்ள வெள்ளை ஈ எண்ணெய்ப் படலத்திலேயே சிக்கும், கரப்பான் அதன்மேல் நடந்து போய்விடும். கடைகளில் டியூபிலும் டப்பாவிலும் விற்கும் பாலிபியூட்டீன் அல்லது செயற்கை ரப்பர் சேர்ந்த பொறிப்பசைதான் இதற்குச் சரி.

எவ்வளவு தடவுவது? 140 × 80 மி.மீ. களத்துக்கு 0.6 மி.மீ. தடிமன் வேண்டுமென்றால் சுமார் 6.7 மி.லி., ஒரு டேபிள்ஸ்பூனில் பாதிக்கும் சற்றுக் குறைவு. அதிகம் ஊற்றினால் அதிகம் ஒட்டும் என்பது சரியல்ல. தடிமன் ஒரு மி.மீ.யைத் தாண்டினால் வெயில் காலத்தில் பசை ஒரு பக்கமாக வழிந்து, மறுபக்கம் அட்டை தெரியும். மிக மெல்லியதாகத் தடவினால் இரண்டு நாள் தூசியிலேயே செத்துவிடும். பசையை இளக்க டப்பாவை அடுப்பில் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும். மூடியைத் தளர்த்தி, கொதி இறங்கிய வெந்நீரில் பத்து நிமிடம் நிறுத்தினால் இளகும். பழைய ஏ.டி.எம். கார்டால் ஒரே வீச்சில் இழுத்துப் பரப்புங்கள். நீளப்பக்க ஓரம் இரண்டிலும் 5 மி.மீ. வெறுமையாக விடுங்கள்.

பூச்சில்லாத அட்டையின்மேல் நேராகத் தடவினால், பசையில் கலந்துள்ள எண்ணெயை அட்டை உறிஞ்சிக்கொள்ளும். மேலே பசை இறுகும், கீழே எண்ணெய்க் கறை தரையில் ஊறும். களத்தின் அளவுக்குப் பிளாஸ்டிக் ஃபைல் ஷீட் ஒன்றை வெட்டி, அதில் பசை பரப்பி உள்ளே செருகுவது எளிது. பெட்டியை வைத்துக்கொண்டு ஷீட்டை மட்டும் மாற்றலாம். பசை இளகி வழியுமா என்று தெரிய, பசை தடவிய ஷீட்டைச் சுவரில் சாய்த்து, ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் பக்கமோ அடுப்பு மேடைக்கு அடியிலோ ஒரு இரவு வையுங்கள். காலையில் மேல் விளிம்பு 3 மி.மீ.க்கு மேல் இறங்கியிருந்தால் அந்தப் பசை சித்திரை வைகாசிக்கு ஆகாது.

பலாப்பழம் அறுக்கும் முன் கையிலும் அரிவாள்மனையிலும் எண்ணெய் தடவிக்கொள்வோம். பலாப்பால் ஒட்டாமல் இருக்க அதைச் செய்கிற நாமே, ஒட்டுப்பெட்டிக்குள் வறுத்த வேர்க்கடலையையும் பஜ்ஜித் துண்டையும் இரையாக வைக்கிறோம். எண்ணெய் கசிந்து, இரையைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குப் பசை வழவழவென்று ஆகிவிடும். பூச்சி நேராக வந்து சேரும் இடமும் அதுதான். இரை உலர்ந்ததாக இருக்கட்டும்: பொட்டுக்கடலை மாவும் பொடித்த பன் தூளும் சேர்த்துக் கால் டீஸ்பூன். டீத்தூள் பை போன்ற மெல்லிய பொட்டலத்தில் கட்டி, நடுவில் ஒரு பாட்டில் மூடிக்குள் வைத்தால் பசையில் படாது. வெல்லமும் சர்க்கரையும் எறும்பைக் கூட்டிவரும். நூறு எறும்பு ஒட்டிய பசை, கரப்பானுக்குப் போட்ட பாலம். தவிர, சில ஜெர்மன் கரப்பான் கூட்டங்களுக்குக் குளுக்கோஸே பிடிக்காது. அவற்றின் நாவுணர்வில் அது கசப்பாகப் பதிவதை வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் விளக்கியிருக்கிறார்கள்.

பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்ப்ரே அடிப்பதும், மருந்துச் சாக்பீஸால் கோடு கிழிப்பதும், அந்துருண்டை போடுவதும் பெட்டியைப் பயனற்றதாக்கிவிடும். அவை விரட்டும் பொருள்கள். விரட்டுவதையும் வரவழைப்பதையும் ஒரே மூலையில் செய்ய முடியாது.

வைக்கும் இடத்தில் நடக்கும் தவறு, பெட்டியைத் தரை நடுவில் வைப்பது. கரப்பான் சுவரை உரசிக்கொண்டே போகும். பெட்டியின் நீளப்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தால், ஓடிவரும் வழியிலேயே வாசல் வரும். சுவருக்கும் பெட்டிக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி விட்டால் அது அந்தச் சந்தில் போய்விடும், பெட்டிக்குள் வராது. சிங்குக் குழாய் சுவருக்குள் போகும் துளை, ஃபிரிட்ஜுக்குப் பின்புறம், கேஸ் சிலிண்டர் மூலை, கடப்பாக்கல் அலமாரியின் கீழ்த்தட்டு ஆகியவை பார்க்கவேண்டிய இடங்கள். ஒரு பெரிய பெட்டியைவிட நான்கு சிறிய பெட்டிகள் மேல். மூன்று இரவு ஒன்றும் விழாவிட்டால் பெட்டியைக் குறை சொல்லாமல் இரண்டடி தள்ளி வையுங்கள். வீடு துடைக்கும்போது அட்டை நனையும் இடமென்றால் அடியில் பாலிதீன் தாள் ஒன்றை ஒட்டுங்கள். கால் வைத்து உயர்த்தவேண்டாம், அடியில் இடுக்கு உண்டாகும்.

பல்லியைப் பற்றிக் கட்டாயம் யோசிக்கவேண்டும். 14 மி.மீ. வாசலில் வீட்டுப்பல்லி தாராளமாக நுழையும். ஒட்டிய பூச்சியைத் தின்ன வந்து தானும் ஒட்டிக்கொண்டு, பல மணி நேரம் துடித்துச் சாகும். பல்லி நடமாட்டம் உள்ள இடத்தில் 7 மி.மீ. பெட்டி மட்டும் வையுங்கள், அதிலும் குட்டிப்பல்லி வரலாம் என்பதால் தினமும் காலையில் பாருங்கள். ஒட்டியிருந்தால் பிடித்து இழுக்காதீர்கள், தோலும் வாலும் பிய்ந்துவிடும். தேங்காயெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக ஓரங்களில் விட்டு ஐந்து நிமிடம் பொறுத்தால் பசை விட்டுக்கொடுக்கும். வாசலைப் பெரிதாக்கி இதையே எலிக்கும் வைக்கலாமே என்ற யோசனை வேண்டாம். ஒட்டுப்பலகையில் எலி படும் வதை மிகக் கொடியது. எலிக்கு ஒட்டுப்பொறி கூடாது என்று இந்திய விலங்கு நல வாரியம் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. 1960-ம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் அதன் 11-ம் பிரிவும் இங்கே பொருந்தும்.

இவ்வளவு கவனமாகச் செய்தாலும், பெட்டி மட்டுமே கரப்பானை ஒழித்துவிடும் என்று எதிர்பார்ப்பது கணக்குப் பிழை. ஜெர்மன் கரப்பானின் ஒரு முட்டைப்பையில் முப்பது நாற்பது முட்டைகள் இருக்கும், ஒரு பெண் தன் ஆயுளில் பல பைகள் இடும். ஒட்டுப்பெட்டியின் மெய்யான பயன் எண்ணிப் பார்ப்பது. எந்த மூலையில் எத்தனை விழுந்தது, குஞ்சா வளர்ந்ததா என்று தேதியோடு மூடியின்மேல் எழுதுங்கள். சிறகில்லாத சின்னக் குஞ்சுகள் நிறைய விழுந்தால் கூடு இரண்டு மூன்று அடிக்குள் இருக்கிறது. ஜெல் மருந்தை அங்கே புள்ளி வைக்கலாம், ஆனால் ஸ்ப்ரேயை வீடெல்லாம் அடிக்கவேண்டாம். எண்ணிக்கை வாராவாரம் குறைகிறதா என்பதை அதே பெட்டிகள் சொல்லும்.

களத்தில் மூன்றில் ஒரு பங்கு நிறைந்தாலோ, விரல் நுனியால் தொட்டால் நூல் இழுக்காவிட்டாலோ ஷீட்டை மாற்றவேண்டும். கழற்றிய ஷீட்டை அப்படியே குப்பைக்கூடையில் போடாதீர்கள். தாய் செத்தாலும் அதன் பின்புறம் ஒட்டியிருக்கும் முட்டைப்பை பொரியக்கூடும், குஞ்சுகள் செத்த உடல்களின்மேல் நடந்து வெளியேறும். பசைப்பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து, நன்றாக மிதித்து நசுக்கி, பாலிதீன் பையில் இறுக்கக் கட்டி, அன்றே வீட்டுக்கு வெளியே குப்பையில் சேர்த்துவிடுங்கள்.