தோள்பட்டைய பார்த்து ஆபீசர் யாருன்னு கண்டுபிடிக்கறது எப்படி? புதுசா என்சிசி சேர்ந்த பசங்களுக்கு

கேரளாவுல கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தமிழ் மீடியத்துல படிச்சு இந்த வருஷம் என்சிசில சேர்ந்த தம்பி தங்கச்சிங்களா, கேம்ப்புக்கு பெட்டி கட்டறதுக்கு முன்னாடி இத படிச்சிருங்க. அங்க கமாண்ட் இந்தில வரும், பேச்சு மலையாளத்துல ஓடும், நமக்கு முதல் ரெண்டு நாள் திணறும், ஆனா தோள்பட்டைய படிக்க எந்த பாஷையும் வேண்டாம்.

முதல்ல நம்ம மாஷ், அதாவது வாத்தியார். கிளாஸ்ல கணக்கு எடுக்கறவர்தான் பரேட் அன்னிக்கு ஏஎன்ஓ, அதாவது அசோசியேட் என்சிசி ஆபீசர். சும்மா துணி மாட்டிட்டு வந்து நிக்கறதில்ல, காம்ட்டி, குவாலியர் மாதிரி அகாடமில ட்ரெயினிங் முடிச்சுதான் அந்த ஸ்டார் கிடைக்குது, அதனால அன்னிக்கு மாஷ்னு கூப்பிடாம சார்னு கூப்பிடுங்க, டீச்சர்னா மேடம். ஸ்கூல் யூனிட்னா தேர்ட் ஆபீசர்ல ஆரம்பிச்சு செகண்ட், ஃபர்ஸ்ட், சீஃப் ஆபீசர் வரைக்கும். காலேஜ்னா லெப்டினன்ட், கேப்டன், மேஜர்.

இப்ப ஆர்மி கணக்கு. ரெண்டு ஸ்டார் லெப்டினன்ட், மூணு ஸ்டார் கேப்டன், ஸ்டார் இல்லாம அசோக சின்னத்துல இருக்கற சிங்கம் மட்டும்னா மேஜர். சிங்கத்தோட ஒரு ஸ்டார்னா லெப்டினன்ட் கர்னல், ரெண்டுன்னா கர்னல், கர்னலுக்கு காலர்ல சிவப்பு பட்டையும் இருக்கும். பட்டாலியன் சிஓ, அதாவது கமாண்டிங் ஆபீசர், பெரும்பாலும் இந்த ரெண்டுல ஒருத்தர்தான்.

எல்லாரும் தப்பு பண்ற இடம் ஒண்ணு இருக்கு, நானும் முதல் கேம்ப்ல பண்ணேன். ரெண்டு ஸ்டார பார்த்ததும் லெப்டினன்ட்னு நெனச்சு பேசிட்டேன், அவர் சுபேதார். ஸ்டாருக்கு கூடவே சிவப்பு மஞ்சள் சிவப்புனு குறுக்க ஒரு ரிப்பன் இருக்கான்னு பாருங்க, இருந்தா ஜேசிஓ, அதாவது ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர். ஒரு ஸ்டார் நாயிப் சுபேதார், ரெண்டு சுபேதார், சிங்கம்னா சுபேதார் மேஜர். இவங்கள சாப்னு கூப்பிடணும். உங்க அப்பா வயசு இருக்கும், துப்பாக்கி பிடிக்க கத்துக்குடுக்கறதே இவங்கதான், மரியாதைல குறை வெக்காதீங்க. கைல மூணு வி பட்டை இருந்தா ஹவில்தார்.

நேவி, ஏர்ஃபோர்ஸ்ல ஸ்டாருக்கு பதிலா கோடு. அங்க ரெண்டு கோடு போட்ட லெப்டினன்ட்டும் ஃப்ளைட் லெப்டினன்ட்டும் நம்ம மூணு ஸ்டார் கேப்டனுக்கு சமம், பேர மட்டும் வெச்சு சின்னவர்னு நினைச்சுராதீங்க.

பேர் தெரியணும்னா வலது பாக்கெட் மேல நேம் பிளேட் இருக்கும். மெடல் ரிப்பன் இடது பக்கம்.