சேலத்தில் இருந்தபடி வெளிநாட்டு ஒருநாள் கிரிக்கெட் தொடரைப் பார்ப்பது எப்படி?

அட்டவணை வெளிவந்ததும் மணிக் கணக்கைப் போட்டுவிடுங்கள். ஆஸ்திரேலியாவில் கோடைகாலப் பகலிரவு ஆட்டம் என்றால் நமக்குக் காலை 9 மணி வாக்கில் டாஸ் முடிந்து பந்து விழும். சிட்னி நம்மைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால், பெர்த் இரண்டரை மணி நேரம்தான் முன்னால். நியூசிலாந்து என்றால் காலை ஆறரைக்கே எழுந்துவிட வேண்டும். இங்கிலாந்தில் பகல் ஆட்டம் மாலை 3:30க்கும் பகலிரவு ஆட்டம் 5:30க்கும் தொடங்கும். தென்னாப்பிரிக்கா மதியம் 1:30 அல்லது மாலை 5. வெஸ்ட் இண்டீஸில் காலை ஒன்பதரைக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு இரவு 7 மணிக்கு வரும். முடிய இரண்டே முக்கால் ஆகும். ஒரு இன்னிங்ஸுக்கு மூன்றரை மணி நேரம், இடைவேளை முக்கால் மணி என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக இருக்கும்.

ஆஸ்திரேலியத் தொடரில் ஒரு சிக்கல் உண்டு. மாதாந்திரப் பராமரிப்புக்கான கரண்ட் கட்டும் பெரும்பாலும் காலை 9 மணிக்குத்தான் தொடங்கும். உங்கள் தெரு எந்தத் துணை மின்நிலையத்தில் வருகிறது என்று தெரிந்துவைத்திருந்தால், முந்தைய நாள் செய்தித்தாளில் பார்த்தாலே போதும். இன்வெர்ட்டர் இருப்பவர்களுக்குக் கணக்கு இதுதான்: 150 ஏ.எச். பேட்டரியில் பாதியைச் செலவழித்தால் சுமார் 900 வாட்-மணி கிடைக்கும். 32 இன்ச் எல்.இ.டி. டிவி, செட்டாப் பாக்ஸ், வைஃபை மூன்றுக்கும் சேர்த்து 75 வாட் என்றால் முழு ஆட்டமும் தாங்கும். பழைய சீலிங் ஃபேன் ஒன்றையும் ஓட்டினால் இழுப்பு இரட்டிப்பாகி, இரண்டாவது இன்னிங்ஸின் நடுவிலேயே பீப் சத்தம் கேட்கும். வீட்டில் கரண்ட் இருந்தும் தெருமுனையில் உள்ள இணையப் பெட்டிக்கு பேக்கப் இல்லையென்றால் வைஃபை போய்விடும். அதனால் மொபைல் டேட்டாவைத் தொடாமல் வைத்திருங்கள். 480 தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு முக்கால் ஜி.பி. வரை போகும், தினசரி ஒன்றரை ஜி.பி. இரண்டு மணி நேரத்தில் காலி. கடைசிப் பத்து ஓவருக்கென்று ஒதுக்குவதுதான் புத்திசாலித்தனம்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்குக் கதை வேறு. டிஷ் பார்க்கும் திசையில் எஸ்டேட்டின் சில்வர் ஓக் கிளை வளர்ந்து மறைத்தால், மழை இல்லாத நாளிலும் படம் கட்டம் கட்டமாக உடையும்; தொடருக்கு ஒரு வாரம் முன்பே ஆள் விட்டுக் கழித்துவிடுங்கள். இடி இடித்தால் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, டிஷ்ஷில் இருந்து வரும் ஒயரையும் பாக்ஸிலிருந்து கழற்ற வேண்டும். மலைப்பாதையில் பஸ்ஸில் வந்துகொண்டே பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவில் எங்கே சிக்னல் போகும் என்று சொல்ல முடியாது, ஸ்கோர் மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

எந்தச் சேனல் என்பது தொடரை நடத்தும் நாட்டு வாரியம் யாருக்கு உரிமை விற்றிருக்கிறது என்பதைப் பொறுத்தது. போன தொடரில் வந்த ஆப்பிலேயே இதுவும் வரும் என்று நம்பிச் சந்தா கட்டிவிடாதீர்கள். ஆப்பில் படம் டிவியைவிட அரை நிமிடம்கூடப் பின்தங்கும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பை மியூட் செய்யாவிட்டால், பந்து வீசும் முன்பே "அவுட்டா!" என்று மாமா போட்டுவிடுவார்.

இனி முக்கியமான வேலை. எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஓவருக்கு ஒரு வரி, நான்கு கட்டம்: ஓவர் எண், மொத்த ரன், விக்கெட், அந்த ஓவரில் டாட் பால் (ரன் வராத பந்து) எத்தனை. ஐந்து ஓவருக்கு ஒரு முறை கோடு போடுங்கள். டாட் பால் கட்டத்தைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள், ஆனால் ஆட்டம் கை மாறுவது முதலில் அங்கேதான் தெரியும். நான்கைந்து ஓவர் தொடர்ந்து ஓவருக்கு நான்கு டாட் விழுந்தால், அடுத்து யாராவது ஏறி வந்து அடித்து அவுட் ஆவார்கள் என்று தயாராக இருக்கலாம்.

முதல் பத்து ஓவரில் உள்வட்டத்துக்கு வெளியே இரண்டு பேர்தான் நிற்கலாம். 11 முதல் 40 வரை நான்கு பேர், கடைசிப் பத்தில் ஐந்து பேர். வெளிநாட்டில் இந்த முதல் பத்தைச் சேப்பாக்கம் (சுழலுக்குப் பேர்போன சென்னை மைதானம்) கண்ணோடு பார்க்கக் கூடாது. 2019 ஜனவரி 31, நியூசிலாந்தின் ஹாமில்டன்: டிரென்ட் போல்ட் 21 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார், இந்தியா 92க்குச் சுருண்டது. அதே தொடரை இந்தியா 4-1 என்று வென்றது. எனவே காலையில் 40க்கு 2 என்று இருந்தால் டிவியை அணைக்க வேண்டியதில்லை. பந்து இன்னும் காற்றில் வளைகிறதா, விக்கெட் கீப்பர் எவ்வளவு தள்ளி நிற்கிறார், பந்தை எந்த உயரத்தில் பிடிக்கிறார் என்று பாருங்கள். பெர்த்தில் நெஞ்சு உயரத்தில் வாங்கினால் அது வழக்கம்தான். மைதான அளவும் முக்கியம்: அடிலெய்டில் பக்கவாட்டு எல்லை குட்டை, நேர் எல்லை நீளம், அங்கே குறுகிய பந்தைப் போட்டால் அடி வாங்குவார்கள்.

30 ஓவர் ஸ்கோரை இரட்டிப்பாக்கினால் இறுதி ஸ்கோர் என்பது பழைய கணக்கு. கையில் ஐந்தாறு விக்கெட்டும் அடிக்கக்கூடிய ஒருவரும் இருந்தால்தான் அது பலிக்கும். 2020 டிசம்பர் 2, ஆஸ்திரேலியாவுக்கு எதிராகக் கான்பெராவில் 32 ஓவர் வாக்கில் இந்தியா 152க்கு 5. அதன்பின் ஹர்திக் பாண்டியாவும் ஜடேஜாவும் 108 பந்தில் பிரியாமல் 150 சேர்த்தார்கள், ஸ்கோர் 302. ஆனால் 2025 ஜூலை முதல் விதி மாறிவிட்டது: முன்பு இன்னிங்ஸ் முழுக்க முனைக்கு ஒன்றாக இரண்டு பந்து, இப்போது 34 ஓவர் வரைதான் இரண்டு, அதன்பின் அவற்றில் ஒன்றையே பயன்படுத்த வேண்டும். பந்து பழசாவதால் கடைசி ஓவர்களில் அடிப்பது கொஞ்சம் கஷ்டம், யார்க்கர் (பேட்ஸ்மேன் காலடியில் விழும் பந்து) போடுபவருக்குக் கொஞ்சம் வசதி. நோட்டில் 34-வது ஓவருக்குக் கீழே தடிமனாக ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

மழை வந்தால் சண்டை வரும் இடம் டி.எல்.எஸ்., அதாவது ஓவர் குறையும்போது இலக்கைத் திருத்தும் கணக்கு. 2025 அக்டோபர் 19, தீபாவளிக்கு முந்தைய நாள், பெர்த்தில் 50-இலிருந்து 26 ஓவராகக் குறைந்த ஆட்டத்தில் இந்தியா 136க்கு 9. ஆஸ்திரேலியாவுக்கு இலக்கு 137 அல்ல, 131. அநியாயம் என்று தோன்றும், ஆனால் கணக்கு இப்படிப் போகிறது: ஏற்கெனவே விக்கெட்டுகளை இழந்த அணியிடமிருந்து மழை ஓவரைப் பறித்தால், பறிபோவது குறைவு. எதிரணியோ பத்து விக்கெட்டும் கையில் இருக்கும்போதே 24 ஓவரை இழக்கிறது. அதனால் இலக்கு இறங்குகிறது. நோட்டில் மழை நின்ற இடத்தில் ஓவரோடு விக்கெட்டையும் குறித்திருந்தால் இது புரியும். மழையால் ஆட்டம் பாதியில் நின்றுபோனால், இரண்டாவது அணி 20 ஓவராவது ஆடியிருந்தால்தான் முடிவு உண்டு என்பதையும் எழுதி வையுங்கள். வெயிலாலும் ஆட்டம் நிற்கும்! 2019இல் நியூசிலாந்தின் நேப்பியரில் மறையும் சூரியன் பேட்ஸ்மேன் கண்ணில் அடித்ததால் நிறுத்தினார்கள்.

தொடர் 2-0 என்று போய்விட்டால் மூன்றாவது ஆட்டத்தைப் பார்க்காமல் கடைக்குப் போகிறவர்கள்தான் அதிகம். புதியவர்களுக்கு வாய்ப்பு கிடைப்பது அந்த ஆட்டத்தில்தான். மேலே சொன்ன கான்பெரா ஆட்டமும் அப்படித்தான். முதல் இரண்டு ஆட்டத்தில் சிட்னியில் இந்தியா 374, 389 என்று வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு, நம் சேலத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனுக்குக் கான்பெராவில்தான் ஒருநாள் தொப்பி, அதாவது முதல் ஒருநாள் ஆட்டம் கிடைத்தது. 10 ஓவர், 70 ரன், 2 விக்கெட். அட்டையில் மட்டும் பார்த்தால் ரன் வாரிக் கொடுத்தவர். முதலில் ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் லபுஷேனை போல்டாக்கியதும், பின்னால் 28 ரன் எடுத்திருந்த ஏகரை வீழ்த்தியதும், இந்தியா வென்ற வித்தியாசம் வெறும் 13 ரன் என்பதும் நோட்டில் அடுத்தடுத்து இருக்கும். புதுப் பந்துவீச்சாளரை எடைபோட ஓவருக்கு எவ்வளவு என்பதோடு யார், எப்போது அவுட் என்ற கட்டத்தையும் ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.