பஸர் கத்தும்போது கை எங்கே போகவேண்டும்? ஃபயர் பேனலின் நாலு படிகள்

புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களை ஃபயர் அலாரம் பேனல் முன்னால் நிறுத்தி நான் முதலில் கேட்பது இதுதான்: "இப்போ பஸர் கத்துது. எந்த பட்டனைத் தொடுவே?" பத்துக்கு எட்டு பேர் ரீசெட் என்பார்கள்.

முதலில் எதையும் தொடக்கூடாது. திரையைப் படிக்கவேண்டும். எந்த சோன் (கட்டிடத்தைப் பிரித்த பகுதி), எந்த டிடெக்டர் (புகையையோ வெப்பத்தையோ உணரும் கருவி), எந்த இடம் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார். அப்புறம் பேனலுக்குள்ளேயே கத்தும் பஸரை நிறுத்து. ஆள் அனுப்பி இடத்தைப் பார்த்து, ஒன்றுமில்லை என்று உறுதியான பிறகுதான் கட்டிடத்தில் அலறும் சவுண்டரை நிறுத்துவதும் ரீசெட் செய்வதும். அவசரப்பட்டு ரீசெட் அடித்தால் திரையில் இருந்த இடம் காணாமல் போய்விடும். டிடெக்டருக்குள் புகை இன்னும் இருந்தால், கொஞ்ச நேரத்தில் மறுபடி முதலிலிருந்து கத்தும்.

இதில் எந்த பட்டன் யாருக்கு என்பதைத்தான் அணுகல் படி என்கிறோம். இ.என். 54-2 என்ற ஐரோப்பியத் தரத்தைப் பின்பற்றும் பேனல்களில் நாலு படி உண்டு.

முதல் படி யாருக்கும் திறந்தது. விளக்குகளையும் திரையையும் பார்க்கலாம், பல பேனல்களில் பஸரையும் நிறுத்தலாம். இரண்டாம் படிக்குச் சாவியோ கோடோ (ரகசிய எண்) வேண்டும். சவுண்டர் நிறுத்துவது, ரீசெட், டிஸேபிள் (ஒரு பகுதியையோ கருவியையோ செயல்படாமல் நிறுத்திவைப்பது), டெஸ்ட் எல்லாம் இங்கேதான். மூன்றாம் படி பேனலை சர்வீஸ் செய்யும் எங்களைப் போன்றவர்களுக்கு. அந்தக் கட்டிடத்துக்கான ப்ரோகிராமை மாற்றுவது இதில்தான். நாலாம் படி பேனலின் மென்பொருளையே மாற்றுவது. அது தயாரிப்பாளர் பயிற்சி கொடுத்து அனுமதித்தவருக்கு மட்டும், அதை விட்டுவிடுவோம்.

எல்லோரும் மூன்றாம் படிக்குப் பயப்படுவார்கள். என் அனுபவத்தில் ஆபத்து இரண்டாம் படியில்தான் இருக்கிறது. ஒரு கட்டிடத்தில் வழக்கமான சர்வீஸுக்குப் போனேன். பேனலில் பச்சையோடு மஞ்சள் விளக்கு ஒன்றும் எரிந்துகொண்டிருந்தது. காவலரிடம் கேட்டேன். "அது எப்பவும் அப்படித்தான் சார் எரியும்" என்றார். நடந்ததையெல்லாம் பேனல் குறித்துவைக்கும் ஈவென்ட் லாகைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனால், மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காலைப் பொழுதில் ஒரு சோன் முழுவதையும் யாரோ டிஸேபிள் செய்திருக்கிறார்கள். பெயின்ட் வேலையாம். வேலை முடிந்து ஆட்கள் போய்விட்டார்கள், சோன் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. கோடு யாரிடம் இருக்கிறது என்று விசாரித்தால், அது பேனல் கதவின் உள்பக்கம் பேனாவால் எழுதியிருந்தது!

அதனால் டிஸேபிள் செய்யும்போது இதைக் கவனியுங்கள். தூசி பறக்கும் இடத்தில் இருக்கிற டிடெக்டர்களை மட்டும், ஒவ்வொன்றாக, டிஸேபிள் செய்யுங்கள். சோனையே நிறுத்தினால் அதே சோனில் உள்ள மேனுவல் கால் பாயின்ட்டும் (தீயைப் பார்த்தவர் கையால் அழுத்தும் பெட்டி) சேர்ந்து செத்துவிடக்கூடும். அப்போது ஒருவர் ஓடிவந்து கண்ணாடியை அழுத்தினாலும் சத்தமே வராது. நேரம் குறித்து டிஸேபிள் செய்யும் வசதி உங்கள் பேனலில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், மாலை ஆனதும் அதுவே திரும்பிவிடும். இல்லாவிட்டால் பதிவேட்டில் எதை, யார், எத்தனை மணிவரை என்று எழுதி, திரும்ப இயக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

சரி, மூன்றாம் படிக்கு வருவோம். உள்ளே போனதும் இருக்கிற ப்ரோகிராமை லேப்டாப்பில் எடுத்து, தேதியோடு சேமித்துவிடுங்கள். சோம்பல்பட்டு இதைத் தாண்டிப் போய் ஒரு இரவு முழுக்க, டிடெக்டர் இருக்கும் இடத்தைத் திரையில் காட்டும் லேபிள்களைத் திரும்ப அடித்தவன் நான். தீயை வாயுவால் அணைக்கும் அமைப்பு இணைந்திருந்தால், சிலிண்டரைத் திறக்கும் ஆக்சுவேட்டரை கையால் கழற்றி வைத்த பிறகுதான் மற்ற வேலை. திரையில் டிஸேபிள் செய்ததை மட்டும் நம்பாதீர்கள்.

ஒவ்வொரு டிடெக்டரையும் பேனல் அடையாளம் காணும் எண்தான் முகவரி. பல தயாரிப்புகளில் அதை வைப்பது டிப் சுவிட்ச் என்ற குட்டி சுவிட்ச் வரிசையில். ஏழு சுவிட்ச், மதிப்பு 1, 2, 4, 8, 16, 32, 64. முகவரி 37 வேண்டுமென்றால் 32, 4, 1. அதாவது ஆறாவது, மூன்றாவது, முதல் சுவிட்ச் ஆன். சில தயாரிப்புகளில் ஆன், ஆஃப் தலைகீழாக இருக்கும், கூடவே வரும் தாளைப் பார்த்துவிடுங்கள். ஒரே லூப்பில் (டிடெக்டர்களைப் பேனலோடு இணைக்கும் வயர் சுற்று) இரண்டு டிடெக்டருக்கு ஒரே முகவரி விழுந்தால் பேனல் குழம்பும். இரண்டில் எது தப்பு என்று அது சொல்லாது, ஏணியோடு நீங்கள்தான் அலையவேண்டும்.

லேபிளுக்கு வரைபடத்தில் உள்ள அறை எண்ணைப் போடாதீர்கள். குடியேறிய பிறகு அறைக்கதவில் வேறு எண் இருக்கும். "2ஆம் மாடி, லிஃப்டுக்கு எதிர் ஸ்டோர்" என்று எழுதினால் இருட்டிலும் காவலர் ஓடிப்போவார்.

எது அடித்தால் எது நடக்கவேண்டும் என்ற பகுதிதான் ப்ரோகிராமின் உயிர். லிஃப்ட் எங்கே இறங்கவேண்டும், ஏசி ஃபேன் எப்போது நிற்கவேண்டும், பூட்டிய கதவு எப்போது திறக்கவேண்டும் என்பதைக் கட்டிடக்காரரோடு உட்கார்ந்து ஒரு அட்டவணையாக எழுதி, கையெழுத்து வாங்கிய பிறகு பேனலைத் தொடுங்கள். பொய் அலாரத்தைக் குறைக்க இரண்டு டிடெக்டர் சேர்ந்து அடித்தால்தான் சவுண்டர் என்று வைக்கலாம். தாமதமும் வைக்கலாம், இ.என். 54-2 தரத்தில் அதன் உச்சவரம்பு 10 நிமிடம். நான் அவ்வளவு தூரம் போனதே இல்லை. கால் பாயின்ட்டுக்கு மட்டும் தாமதமே வைக்காதீர்கள். அதை அழுத்துபவர் தீயைக் கண்ணால் பார்த்தவர்.

ப்ரோகிராமை ஏற்றியபின் வாக் டெஸ்ட் போடுங்கள். டிடெக்டருக்குப் புகை கொடுத்தால் பேனல் பதிவுசெய்துவிட்டுத் தானே ரீசெட் ஆகிவிடும், ஒருவரே சுற்றி முடிக்கலாம். ஆனால் லிஃப்ட், ஃபேன், கதவு இவற்றை டெஸ்ட் நிலையிலிருந்து வெளியே வந்து நிஜமாகவே ஓட்டிப் பார்க்கவேண்டும். கழற்றிய ஆக்சுவேட்டரை, பேனல் ரீசெட் ஆகி அமைதியான பிறகு மாட்டுங்கள். கடைசியாகப் பேனலில் பச்சை மட்டும் எரிகிறதா என்று பார்த்து, மூன்றாம் படியிலிருந்து வெளியே வந்து, கதவைப் பூட்டிச் சாவியைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். கதவின் உள்பக்கம் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் துடைத்துவிட்டு, கோடை மாற்றிவிட்டு வாருங்கள்.