போர்க்கால நினைவு அட்டை வாங்குகிறீர்களா? போலியைப் பிடிக்கும் வழி

ஜெர்மன்காரர்கள் இந்த நினைவு அட்டையை ஸ்டெர்பெபில்ட் என்பார்கள். ஜெர்மனியின் பவேரியா, ஆஸ்திரியா, இத்தாலியின் தென் டிரோல் என்று கத்தோலிக்கர்கள் நிறைந்த பகுதிகளில் ஒருவர் இறந்தால், குடும்பம் ஒரு சின்ன அட்டை அச்சடித்து பூசைக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கும். நம்மூர் கத்தோலிக்க வீடுகளில் ஜெபப்புத்தகத்துக்குள் செருகி வைக்கும் புனிதர் படம் மாதிரி, ஏறக்குறைய 7 செ.மீ.க்கு 11 செ.மீ. ஒரு பக்கம் சிலுவையோ மாதாவோ இருக்கும். மறுபக்கம் இறந்தவரின் படம், பெயர், ஊர், தேதி, ஒரு ஜெபம். இரண்டாம் உலகப் போரில் செத்த சிப்பாய்களுக்கு அச்சான அட்டைகளைத்தான் இன்று சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள், போலியும் அங்கேதான் அதிகம் புழங்குகிறது.

சாதாரணக் காலாட்படைச் சிப்பாயின் அட்டை சில யூரோவுக்குக் கிடைத்துவிடும். அதை யாரும் போலியாக அடிக்க மாட்டார்கள், மைச் செலவுகூடத் தேறாது. அதே அட்டையில் வாஃபன் எஸ்எஸ் (நாஜிக் கட்சியின் தனி ஆயுதப் படை), பாராசூட் படை, நீர்மூழ்கிக் கப்பல், நைட்ஸ் கிராஸ் என்ற உயர்ந்த வீர விருது என்று ஏதாவது ஒன்று இருந்தால் விலை பல மடங்கு ஏறும். அதனால் ஒரு அட்டையைக் கையில் எடுத்ததும் 'இதன் விலையை ஏற்றும் சொல் எது' என்று முதலில் பாருங்கள். போலி செய்பவன் அந்தச் சொல்லில் இருந்துதான் தொடங்குகிறான், மீதியை அதற்குத் தோதாக ஒட்டுகிறான், பெரும்பாலும் சரியாக ஒட்டாது.

உதாரணத்துக்கு, வாஃபன் எஸ்எஸ் படைக்குத் தனிப் பதவிப் பெயர்கள் உண்டு: ஸ்டுர்ம்மான், ரோட்டன்ஃபியூரர், உன்டர்ஷார்ஃபியூரர் இப்படி. கெஃப்ரைட்டர், ஓபர்கெஃப்ரைட்டர், ஃபெல்ட்வேபெல் எல்லாம் தரைப்படைப் பதவிகள். உண்மையான தரைப்படை அட்டை ஒன்றை ஸ்கேன் செய்து, படைப்பிரிவின் பெயரை மட்டும் மாற்றி, பதவியை அப்படியே விட்டுவிடுகிற சோம்பேறிகள் நிறையப் பேர். படத்திலும் இதே கதைதான். தரைப்படைச் சீருடையில் கழுகுச் சின்னம் வலது மார்பில் இருக்கும், எஸ்எஸ் சீருடையில் இடது கையின் மேல்பகுதியில். எழுத்து எஸ்எஸ் என்று சொல்லி, படத்தில் வலது மார்பில் கழுகு இருந்தால் கேள்வி கேளுங்கள். ஆனால் உடனே தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள், வேறு படையில் இருந்து மாறி வந்தவரின் பழைய படத்தைக் குடும்பம் கொடுத்திருக்கலாம். எனக்கு இந்த ரகப் போலிதான் மிகவும் அருவருப்பு. எங்கோ ஒரு விவசாயி வீட்டுப் பையனின் முகம், அவன் பார்த்தே இராத ஒரு படையின் பெயரோடு, பத்து மடங்கு விலைக்குப் போகிறது.

அப்புறம் தேதிகள். ஜெர்மன் தரைப்படையின் காலாட்படை ரெஜிமென்ட்டுகள் 1942 அக்டோபரில்தான் கிரெனடியர் ரெஜிமென்ட் என்று பெயர் மாறின, பான்ஸர்கிரெனடியர் என்ற பெயர் அதே ஆண்டு ஜூலையில் வந்தது. 1940இல் பிரான்சில் இறந்தவரின் அட்டையில் 'கிரெனடியர் ரெஜிமென்ட்' என்று இருந்தால் சந்தேகப்படலாம். விருதுகளுக்கும் பிறந்த நாள் உண்டு: கிழக்கு முனைப் பதக்கம் 1942 மே, கைகலப்புப் பட்டை 1942 நவம்பர். 1942 ஜனவரியில் இறந்தவருக்குக் கிழக்கு முனைப் பதக்கம் கிடைத்ததாக அச்சடித்திருந்தால் அது சாத்தியம்தான், இறந்த பிறகும் அதைக் கொடுத்தார்கள். ஆனால் அவர் அந்தப் பதக்க நாடாவை அணிந்து படத்தில் நின்றால் அது நடக்க முடியாத காரியம்.

வயதையும் கூட்டிப் பாருங்கள். இந்த அட்டைகளில் பல இடங்களில் வயதை 'இத்தனையாவது வயதில்' என்று நடப்பு வயதாகத்தான் போடுவார்கள், முடிந்த வயதாக அல்ல. 1923 மே மாதம் பிறந்து 1943 ஆகஸ்டில் இறந்தவர் 21ஆவது வயதில் இறந்ததாக இருக்கும். பிறந்த தேதியை மாற்றிவிட்டு வயதை மாற்ற மறந்த அட்டைகள் இந்தக் கணக்கில் மாட்டும்.

எழுத்துரு விஷயத்தில் புதிதாக வருபவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். ஃபிராக்டூர் என்கிற பழைய ஜெர்மன் அச்செழுத்தை நாஜி அரசே 1941 ஜனவரியில் கைவிடச் சொன்னது உண்மை. அதற்காக 1944ஆம் ஆண்டு அட்டை ஃபிராக்டூரில் இருந்தால் போலி என்று சொல்லக் கூடாது, கிராமத்து அச்சாபீஸ்காரர் கையில் இருந்த ஈய எழுத்தைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக எங்கே வாங்குவார்? பார்க்க வேண்டியது வேறு. ஃபிராக்டூரில் எஸ் எழுத்துக்கு இரண்டு வடிவம்: சொல்லின் முதலிலும் நடுவிலும் நீண்ட எஸ், சொல்லோ அசையோ முடியும் இடத்தில் குட்டை எஸ். கணினியில் ஒரு பழைய எழுத்துருவை இறக்கித் தட்டியவனுக்கு இது தெரியாது, எல்லா இடத்திலும் குட்டை எஸ் போட்டு வைப்பான். 1930களில் வந்த சில கட்டையான எழுத்துருக்களில் குட்டை எஸ் மட்டுமே போடும் வழக்கமும் இருந்தது, ஆகவே சாதாரண, கொம்பும் சுழியும் உள்ள ஃபிராக்டூருக்கு மட்டும் இந்தச் சோதனையை வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று எழுத்துப்பிழை போலத் தெரியாத பிழை. 1996 சீர்திருத்தத்துக்குப் பிறகுதான் 'தஸ்' என்ற இணைப்புச் சொல்லை இரட்டை எஸ் போட்டு எழுதுகிறார்கள், அதற்கு முன் எஸ்-செட் என்கிற கூட்டெழுத்துதான். போர்க்கால ஜெபத்தில் இன்றைய பள்ளிக்கூட எழுத்து வந்தால் சிரித்துவிட்டு வைத்துவிடலாம்.

அட்டையின் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும். ஜெர்மன் ஊராக இருந்து, அங்கே நான்கு இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1961க்குப் பிந்தையது, ஐந்து இலக்கம் என்றால் 1993க்குப் பிந்தையது. இதிலும் ஒரு பிடி: காணாமல் போனவர்களைப் பல ஆண்டுகள் கழித்து இறந்ததாக அறிவித்த பிறகு அச்சான நேர்மையான அட்டைகளும் இருக்கின்றன. அவை போலி அல்ல, ஆனால் 'போர்க்கால அச்சு' என்று சொல்லி விற்றால் பொய். ரஷ்யாவின் ஸ்டாலின்கிராட் போரில் சிக்கியவர்களின் அட்டைகளில் இது அடிக்கடி வரும். 1943 ஜனவரி கடைசியில் அங்கே மாட்டியவர்களின் குடும்பத்துக்கு என்ன ஆனதென்றே தெரியாமல் இருந்த காலத்தில், மணி தவறாத விவரத்தோடு ஒரு அட்டை இருந்தால் எப்போது அச்சானது என்று விசாரிக்கணும்.

சரி, இனி லென்ஸ். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும், நகைக்கடைக்காரர் கண்ணில் வைப்பது. அந்தக் காலத்தில் எழுத்தை ஈயத்தில் கோத்தார்கள், படத்தை பிளாக் செய்து வைத்தார்கள். அதனால் படம் வரிசை தப்பாத புள்ளிகளாகவும் எழுத்து முழுக் கறுப்பாகவும் இருக்க வேண்டும். அட்டையை ஸ்கேன் செய்து மறுபடி அச்சடித்தால் எழுத்தும் புள்ளிகளாக உடைந்துவிடும், ஓரம் பிசிறடிக்கும். ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். இங்க்ஜெட் என்றால் சாம்பல் நிறத்துக்குள் நீலம், சிவப்பு, மஞ்சள் பொடிகள் தாறுமாறாகத் தெரியும். லேசர் என்றால் எழுத்து காகிதத்தின் மேல் லேசாகப் பளபளத்து உட்கார்ந்திருக்கும், சுற்றிலும் டோனர் துகள் தூவியிருக்கும். ஈய எழுத்து காகிதத்தை அழுத்தும், வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் அந்தத் தடம் தெரியும், எழுத்தின் விளிம்பில் மை பிதுங்கி ஒரு கரை கட்டியிருக்கும். சில அட்டைகள் முழுதும் போட்டோ காகிதத்தில் எடுத்தவை, அவற்றில் புள்ளியே இராது, பயப்பட வேண்டாம்.

ஒரு பக்கம் மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். பின்பக்கம் வெறுமையாக இருந்த பழைய புனிதர் படங்களை வாங்கி, அந்த வெற்றுப் பக்கத்தில் இன்று ஒரு சிப்பாயை அச்சடிப்பது பழகிப்போன தந்திரம். மாதா படம் அசல், காகிதம் அசல், இறந்தவர் மட்டும் போலி.

கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கு பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ஒளிரும் ரசாயனம் ஏறக்குறைய 1950 வாக்கில்தான் பரவலானது, அதனால் அட்டை நீலமாகப் பளிச்சிட்டால் போர்க்காலக் காகிதம் இல்லை. ஆனால் பளிச்சிடாததால் மட்டும் அசல் ஆகிவிடாது, பழைய புத்தகத்தின் வெற்றுத்தாளைக் கிழித்து அச்சடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? தேநீரில் நனைத்துப் பழுப்பாக்கியவையும் உண்டு, அவற்றில் நிறம் எங்கும் ஒரே சீராக இருக்கும். இயல்பாக மக்கிய காகிதம் விளிம்பில் இருந்து உள்ளே பழுக்கும். மேல் பழுப்பாக இருந்து வெட்டிய ஓரம் மட்டும் வெள்ளையாக இருந்தால் சமீபத்தில் வெட்டியது.

ஆளையும் தேடிப் பாருங்கள். ஜெர்மன் போர்க்கல்லறைப் பராமரிப்புச் சங்கமான ஃபோல்க்ஸ்புண்ட் இணையத்தில் பெயர் தேடும் வசதி வைத்திருக்கிறது, பிறந்த தேதியும் இறந்த தேதியும் பல நேரம் கிடைக்கும். ஊர் நினைவுச் சின்னங்களில் பொறித்த பெயர்களைத் தொகுத்த தளங்களும் உண்டு. பெயர் இல்லாவிட்டால் அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. பெயர் இருந்து, படைப்பிரிவோ இறந்த இடமோ அட்டையோடு ஒத்துப்போகாவிட்டால்தான் விஷயம். புராட்டஸ்டன்ட் வட ஜெர்மனிக் கிராமத்துக்காரருக்கு மாதா படம் போட்ட அட்டை என்றாலும் கொஞ்சம் யோசியுங்கள்.

ஆன்லைனில் வாங்கும்போது ஸ்வஸ்திகாவை மறைத்துப் படம் போட்டிருந்தால் அதை விற்பவரின் களவு என்று நினைக்காதீர்கள், ஜெர்மனியில் அதைப் பகிரங்கமாகக் காட்டுவது குற்றம், அதனால் ஒட்டி மறைக்கிறார்கள். இரண்டு பக்கமும் 600 டிபிஐ ஸ்கேனும், படமும் எழுத்தும் சந்திக்கும் இடத்தின் நெருக்கமான படமும் கேளுங்கள். தர மறுப்பவரிடம் எஸ்எஸ் விலை கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். விலை உயர்ந்ததை வாங்கும் முன் ஒரே மாவட்டத்து மலிவு அட்டைகளை ஒரு கட்டாக வாங்கி லென்ஸில் பாருங்கள். ஒரே அச்சகத்தின் கரை, எழுத்து, ஜெபம் எல்லாம் கண்ணுக்குப் பழகிவிட்டால், அதே அச்சகத்தின் பெயரைப் போட்ட போலியைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். ஏற்கெனவே ஒரு போலி உங்கள் கையில் மாட்டித் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை என்றால், பின்னால் பென்சிலில் 'நகல்' என்று எழுதி அந்தக் கட்டிலேயே வைத்துவிடுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.