மாடித்தோட்டம் பார்க்கக் குழுவாகப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

தோட்டக் குழுவோடு நாலு வீட்டு மாடி ஏறி இறங்கிய மூன்றாவது வாரம் உங்கள் செம்பருத்திக் கொழுந்து சுருண்டு, கணுவில் வெள்ளைப் பஞ்சு படிந்திருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அன்று நட்டு வளர்க்க ஆசையாக வாங்கி வந்த குச்சியைத்தான்.

அந்தப் பஞ்சுதான் மாவுப்பூச்சி. எந்த வீடு பக்கம் என்று பார்த்துப் போகும் வரிசையைப் போடுவதில்தான் பிழை தொடங்குகிறது. மாவுப்பூச்சிக் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரிவதே அரிது. சேலைத் தலைப்பு, துப்பட்டா, தோள்பை எதிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த மாடிக்கு வந்துவிடும். ஆகவே பூச்சி இருக்கிற தோட்டம் தூரமாக இருந்தாலும் கடைசியில்தான் வர வேண்டும். வீட்டுக்காரர்கள் இதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். முந்தின நாள் மருந்தடித்து மறைப்பவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். வந்தவர்களில் ஒருவராவது செர்ரித் தக்காளியைப் பறித்து வாயில் போடுவார். 2008-ல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளி, மல்பெரி என்று பரவியபோது, அதை அடக்கியது 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிதான் (மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் சிறு குளவி). கடுமையான மருந்து அந்தக் குளவியையும் சேர்த்தே கொல்லும்.

குச்சி வாங்குவது தவறில்லை, வாங்கும் முறைதான் தவறு. பென்சில் தடிமனில் முக்கால் அடி போதும். வெட்டுமுன் கத்திரியை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு, இலைகளை அங்கேயே உருவிப் போட்டு, குச்சியை ஜிப் கவரில் மூடிக் கொண்டு வாருங்கள். வீட்டில் சோப்புத் தண்ணீரில் கழுவி நட்டு, மற்றச் செடிகளை விட்டுத் தள்ளி மூன்று வாரம் வையுங்கள். மாவுப்பூச்சி கசியவிடும் இனிப்பைத் தேடி எறும்பு ஏறத் தொடங்கினால் கணுக்களையும் கொழுந்தையும் பாருங்கள். பூச்சி தெரிந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கலக்கச் சில சொட்டுச் சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்கவும்.

மண்ணோடு நாற்று மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். தக்காளி, கத்தரி, வெண்டை வேரில் மணி கோத்ததுபோல முடிச்சு இருந்தால் அது மண்ணோடு வந்து வேரைத் தாக்கும் நூற்புழு என்ற நுண்புழுவின் வேலை. செடி நடுப்பகலில் துவண்டு சாயங்காலம் நிமிரும், நாமும் தண்ணீர் போதவில்லை என்று ஊற்றிக்கொண்டே இருப்போம். விதை கேட்கும்போது நாட்டு ரகமா, இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கிய வீரிய ஒட்டு ரகமா என்று கேளுங்கள். ஒட்டு ரகத்தின் விதையில் தாய்ச்செடி மாதிரியே காய்க்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

காலை பத்து மணிக்குப் போய் நின்றால் பூசணிப் பூ வாடிக் கிடக்கும். பீர்க்கும் சுரையும் மாலையில்தான் மலரும். ஆண் பூவின் மகரந்தத்தைக் கையால் பெண் பூவில் தடவும் கைமகரந்தச் சேர்க்கையைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் பூசணிக்குக் காலை ஆறரை, பீர்க்குக்கு மாலை ஐந்து.

“என்ன உரம் போடுறீங்க?” என்பதுதான் எல்லா மாடியிலும் விழும் முதல் கேள்வி. செடிப் பையின் அளவு, மண்கலவை, விதைத்த தேதி, மெட்ரோ தண்ணீரா போர் தண்ணீரா என்பதைக் கேட்காமல் உரத்தின் பெயரை மட்டும் தெரிந்து பயனில்லை. வெயிலை அப்படியே நம்பி ஏமாறுவதும் உண்டு. தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். தெற்குக் கைப்பிடிச் சுவரின் நிழலில் அன்று குளுகுளுவென்று இருந்த மூலை, சென்னையில் ஏப்ரல் கடைசியில் உச்சிவெயிலில் காயும். அந்த இடத்தைப் பார்த்து உங்கள் வீட்டில் கீரைத்தொட்டி வைத்தால் சித்திரையில் நிழல்வலை தேட வேண்டியிருக்கும்.

எத்தனை பேர் ஏறுவது என்பதையும் கணக்குப் போடுங்கள். ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியக் கட்டடச் சுமைத் தரவிதி கணக்கில் கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், ஏறக்குறைய 150 கிலோ. ஓரடிச் செடிப் பை நனைந்தால் 15 கிலோவுக்குக் குறையாது. ஒரு சதுர மீட்டரில் ஒன்பது பையை நெருக்கி அடுக்கினால் அந்த இடத்தின் கணக்கு அதிலேயே கிட்டத்தட்ட முடிந்துவிடும். அதன் பக்கத்தில் இருபது பேர் குழுமி போட்டோ எடுக்கக் கூடாது. எட்டு எட்டுப் பேராக ஏறுங்கள், சுவர் ஓரமாகப் பரவி நில்லுங்கள். தோள்பையைக் கீழேயே வைத்துவிட்டால் பந்தலில் பிஞ்சும் தப்பும்.