பருத்திக்கொட்டையைக் குறை சொல்லும் முன்

மரபணு மாற்றிய தீவனம் நம் பக்கம் இன்னும் வரவில்லை என்று டெல்டாவில் மாடு வளர்ப்பவர்கள் பலர் நினைக்கிறார்கள். முதல் தவறு அதுதான். காய்ப்புழுவைக் கொல்லும் புரதத்தைச் செடியே தயாரிக்கும்படி மரபணு மாற்றிய பி.டி. பருத்திக்கு இந்தியாவில் 2002-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. இன்று நாட்டில் பருத்தி விளையும் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அந்த ரகங்கள்தான். மன்னார்குடியிலோ திருவாரூரிலோ வாங்கி, ஊறவைத்து அரைத்துக் கழுநீரில் கலக்கும் பருத்திக்கொட்டையும் பெரும்பாலும் அதுவே. 2021-இல் மரபணு மாற்றிய சோயாப் புண்ணாக்கு 12 லட்சம் டன் இறக்குமதிக்கும் அனுமதி தரப்பட்டது.

"புழுவைச் சாகடிக்கிறது, மாட்டு வயிற்றிலுள்ள நல்ல பாக்டீரியாவை மட்டும் விட்டுவைக்குமா?" நியாயமான கேள்விதான். ஆனால் பி.டி. புரதம் ஆன்டிபயாடிக் அல்ல. அதைத் தயாரிப்பதே மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா. காய்ப்புழுவின் குடல் காரத்தன்மை உள்ளது. அங்கே அந்தப் புரதம் போய் ஒட்டிக்கொள்ளத் தனி இடங்கள் உண்டு. மாட்டுக் குடலில் அவை இல்லை. மாட்டின் பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் மற்ற புரதங்களைப் போலவே இதையும் உடைத்துத் தின்றுவிடும். அயர்லாந்தில் பன்றிகளுக்கு 110 நாள் பி.டி. மக்காச்சோளம் கொடுத்துப் பார்த்தார்கள். குடல் பாக்டீரியாவில் சின்னச் சின்ன வித்தியாசங்கள் தெரிந்தன. உடல்நலக் கேடு தெரியவில்லை.

தீவனத்திலுள்ள மரபணு மாட்டு வயிற்றின் பாக்டீரியாவுக்குத் தாவிவிடும் என்பது இன்னொரு பயம். ஒவ்வொரு வாய் வைக்கோலிலும் மாடு நெல்லின் மரபணுவையும் சேர்த்துத்தான் விழுங்குகிறது. அதில் பெரும்பகுதி வயிற்றிலேயே சிதைந்துபோகிறது.

அதற்காக எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். களைக்கொல்லியைத் தாங்கும் சோயாவில் அந்த மருந்தின் எச்சம் இருக்கலாம். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி சில பாக்டீரியாக்களையும் பாதிக்கக்கூடியது. ஆனால் அது மருந்தைப் பற்றிய கேள்வி. மரபணுவோடு சேர்த்துக் குழப்பினால் இரண்டுக்குமே விடை கிடைக்காது.

என்னைக் கேட்டால், வயிற்று பாக்டீரியாவுக்கு உண்மையான எமன் நம் வீட்டுச் சோற்றுப்பானையில் இருக்கிறது. மாட்டுப் பொங்கலன்று ஆசையாக ஊட்டும் பொங்கல், கல்யாண வீட்டில் மிஞ்சிய சாதம், மலிவாகக் கிடைக்கிறதே என்று காய்ச்சி ஊற்றும் ரேஷன் அரிசிக் கஞ்சி. மாவுச்சத்து ஒரேயடியாக உள்ளே போனதும் லாக்டிக் அமிலம் பெருகுகிறது. சாதாரணமாக 6-க்கும் 7-க்கும் இடையில் நிற்கும் பெருவயிற்றின் பி.எச். (புளிப்பு ஏற ஏற இறங்கும் அளவு) 5.5-க்கும் கீழே சரிகிறது. வைக்கோலைச் செரிக்க வைக்கும் பாக்டீரியாக்கள் செத்து மடிகின்றன. மாடு அசை போடாது, வயிறு உப்பும், புளித்த வாடையோடு கழியும், கடைசியில் படுத்துவிடும். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டிய நிலை அது. பழி என்னவோ அந்த வாரம் புதிதாக வாங்கிய பருத்திக்கொட்டை மேல் விழும்!

புதுத் தீவனத்தை ஒரே நாளில் மாற்றுவதும் இதே கணக்குதான். நுண்ணுயிர்கள் பழக 10 முதல் 14 நாள் ஆகும்; கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வைக்கோலிலேயே காலம் தள்ளும் உம்பளாச்சேரி மாடானாலும் சரி, ஜெர்சிக் கலப்பானாலும் சரி.

பருத்திக்கொட்டையில் கவனிக்க வேண்டியது காசிபோல் என்ற நச்சு. பி.டி.யோ நாட்டு ரகமோ, இரண்டிலும் அது உண்டு. வளர்ந்த மாட்டின் பெருவயிறு அளவாகக் கொடுத்தால் அதைச் சமாளிக்கும். கன்றுக்குட்டிக்கு அந்த வயிறே இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது, கொடுக்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தரையில் அடுக்கிய புண்ணாக்கு மூட்டை பூஞ்சணம் பிடிக்கும். வெயிலில் காயவைத்தாலும் பூஞ்சணம் விடும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு முழுதாகப் போகாது. ஈரலைக் கெடுத்துப் பாலிலும் வரும். மூட்டையைப் பலகை மேல், சுவரை ஒட்டாமல் வையுங்கள். சந்தேகம் வந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பரிசோதனைக் கூடத்துக்கு மாதிரி அனுப்பலாம். ஒரு மூட்டையின் மேல்பக்கத்திலிருந்து ஒரு பிடி எடுத்து அனுப்பினால் போதாது. பூஞ்சணம் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும் என்பதால் பல மூட்டைகளில், மேல்பக்கத்திலும் நடுவிலும் அடியிலும் எடுத்துக் கலந்து அனுப்புங்கள்.