பிராங்க்பர்ட்டுக்குப் புதிதாக வரும் தமிழர்களுக்கு: ஹசெபேயை அறிந்துகொள்ளுங்கள்

பிராங்க்பர்ட்டில் வந்து இறங்கியவர்களுக்கு முகவரிப் பதிவு, வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றைப் பற்றிச் சொல்லித் தர ஆட்கள் பலர் இருக்கிறார்கள். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரிடம் வேலை தவிர வேறு எதைப் பேசுவது என்ற தவிப்புக்கு மட்டும் யாரும் வழி சொல்வதில்லை. மகோதோ ஹசெபேயைப் பற்றிக் கேளுங்கள் என்பதே நான் சொல்லும் வழி. ஆசியாவிலிருந்து தனியாக வந்து, இந்த ஊர்க்காரராகவே மாறிவிட்ட அந்த நடுக்களக் கால்பந்து ஆட்டக்காரரின் கதை நமக்கும் சிறிது உதவும்.

ஜப்பானின் உராவா அணியோடு 2007இல் ஆசிய சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்ற கையோடு, 2008 ஜனவரியில், அதாவது நல்ல குளிர்காலத்தில், ஃபோக்ஸ்வாகன் ஆலையைச் சுற்றி எழுந்த வொல்ஃப்ஸ்பர்க் நகருக்கு அவர் வந்து சேர்ந்தார். அடுத்த பருவத்திலேயே, 2009இல், அந்த நகரின் அணி ஜெர்மனியின் முதல் பிரிவான புண்டஸ்லிகாவில் பட்டம் வென்றது. ஆனால் அங்கே அவர் வாழ்க்கை பட்டத்தோடு நின்றுவிடவில்லை. 2011 செப்டம்பரில் ஹோஃபன்ஹைம் அணிக்கு எதிரான ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரர்கள் அனைவரும் இறக்கப்பட்டுவிட்ட நிலையில் இலக்குக் காவலர் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, கையுறையை மாட்டிக்கொண்டு கம்பங்களுக்கு நடுவில் போய் நின்றவர் ஹசெபேதான். ஒரு கோல் விழுந்தது, அணியும் 3-1 என்று தோற்றது. புதிய அலுவலகத்தில் நம் தலையில் வந்து விழும் வேலைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கையுறைதான் நினைவுக்கு வரும்.

பின்னர் 2013இல் நூரம்பெர்க் அணிக்குப் போனார். அந்தப் பருவத்தின் முடிவில் அந்த அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 2014இல் இந்த ஊர் அணியான ஐன்ட்ராக்ட் பிராங்க்பர்ட்டுக்கு வந்தபோது அவருக்கு வயது முப்பது. ஓட்டம் குறையத் தொடங்கும் வயதில் நடுக்கள ஆட்டக்காரர்களை அணிகள் மெல்லக் கைவிடுவது வழக்கம். இங்கே நடந்தது வேறு. பயிற்சியாளர் நிகோ கோவாச் அவரைப் பாதுகாப்பு வரிசையின் நடுவே, லிபரோ எனப்படும் இடத்தில், நிறுத்தினார். ஓடிப் பிடிப்பதைவிட முன்கூட்டியே கணித்து நிற்பது பெரிதாக மதிக்கப்படும் அந்த இடத்தில் அவரது ஆட்ட ஆயுள் மேலும் பல ஆண்டுகள் நீண்டது. 2018இல் பயர்ன் மியூனிக் அணியை 3-1 என்று வீழ்த்தி ஜெர்மன் கோப்பையை வென்ற அணியிலும் அவர் ஆடினார். 2022இல் செவில் நகரில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸை எதிர்த்து நடந்த யூரோப்பா லீக் இறுதியாட்டத்தில் காயமடைந்த சக ஆட்டக்காரர் தூத்தாவுக்குப் பதிலாக இறங்கியபோது அவருக்கு வயது 38. ஜப்பான் தேசிய அணிக்கு 2010, 2014, 2018 ஆகிய மூன்று உலகக் கோப்பைகளில் தலைமை தாங்கிய அவர், 2024இல் நாற்பது வயதில் ஓய்வு பெற்றார். அதற்குள் 384 புண்டஸ்லிகா ஆட்டங்கள் சேர்ந்திருந்தன. ஆசியர்களில் அதுவரை முன்னணியில் இருந்த தென்கொரியாவின் சா பும்-குன் ஆடியவை 308. சா பும்-குன்னும் 1979இல் இதே பிராங்க்பர்ட் அணிக்கு வந்தவர் என்பதை மூத்த ரசிகர்கள் தவறாமல் சொல்வார்கள். அந்தப் பேச்சு எழுந்தால் குறுக்கிடாமல் கேளுங்கள்.

ஆட்டம் பார்க்கப் போவதென்றால், அரங்கத்தின் இன்றைய வணிகப் பெயர் எதுவாக இருந்தாலும், ஊர்க்காரர்கள் அதை வால்ட்ஸ்டாடியோன், அதாவது காட்டு அரங்கம், என்றே சொல்வார்கள். நகரத்தின் மைய ரயில் நிலையத்திலிருந்து எஸ்-பான் எனும் புறநகர் ரயிலில் ஏறி ஸ்டாடியோன் நிலையத்தில் இறங்கி மரங்களுக்கு நடுவே நடக்க வேண்டும். ஆட்டச் சீட்டிலேயே பயணமும் அடங்கியிருப்பது வழக்கம் என்பதால், தனிச் சீட்டு வாங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அமைப்பான ஆர்.எம்.வி.யின் குறி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய பைகளை உள்ளே விடமாட்டார்கள். சிவப்பு-வெள்ளைச் சட்டையை அன்று வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது. அது பக்கத்து ஊரான ஓஃபன்பாகின் போட்டி அணியுடைய நிறம்.

பார்ப்பதைவிட ஆடுவதே ஊரோடு கலக்க நல்ல வழி. பிள்ளைகள் இருப்பவர்கள் குடியிருக்கும் பகுதியின் கால்பந்து ஃபெரைனை, அதாவது சங்கத்தை, தேடிப் போங்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் அதைக் கட்டணப் பயிற்சி மையம் என்று எண்ணிவிட வேண்டாம். அதை நடத்துபவர்கள் உறுப்பினர்களே. பயிற்றுநர் பெரும்பாலும் இன்னொரு பிள்ளையின் அப்பாவாக இருப்பார். கேக் சுட்டுக் கொண்டுவருவது, சட்டைகளைத் துவைப்பது, வெளியூர் ஆட்டத்துக்குக் காரில் நான்கு பிள்ளைகளை ஏற்றிச் செல்வது ஆகியவற்றில் உங்கள் முறையும் வரும். அந்த நான்கு பிள்ளைகளின் பெற்றோர்தான் இங்கே உங்களுக்கு வாய்க்கும் முதல் ஜெர்மன் நண்பர்களாக இருக்கக்கூடும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு உறுப்பினர் கட்டணத்துக்காக மாதம் 15 யூரோ அரசு உதவி உண்டு.

பிள்ளை பத்து வயதைக் கடந்து வந்திருந்தால், போட்டிகளில் ஆடத் தேவையான ஷ்பீலர்பாஸ் எனும் ஆட்டக்காரர் அட்டை எளிதில் கிடைத்துவிடாது. சிறுவர்களை நாடுவிட்டு நாடு கடத்தி வணிகம் செய்வதைத் தடுக்க உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா வகுத்த விதிகளின்படி, ஊரில் எந்தச் சங்கத்திலும் ஆடாத பிள்ளைக்கும் பன்னாட்டு ஒப்புதல் தேவைப்படுகிறது. பெற்றோர் கால்பந்து அல்லாத காரணத்துக்காகவே குடிபெயர்ந்தார்கள் என்பதைக் காட்ட வேலை ஒப்பந்தம், முகவரிப் பதிவு, பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு ஆகியவற்றைச் சங்கம் கேட்கும். பிறப்புச் சான்றிதழின் ஜெர்மன் மொழிபெயர்ப்பை முன்கூட்டியே செய்து வைத்திருங்கள். அட்டை வர வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை சனிக்கிழமை ஆட்டங்களில் பிள்ளை கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டியிருந்தாலும், வாரநாள் பயிற்சிக்குத் தவறாமல் அனுப்புங்கள்.